விலை அதிகம் 'உடம்பு'க்கு, சத்து அதிகம் 'வாலு'க்கு! ஒரே ஜின்செங் வேருக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சத்து மாத்திரை, ஆன்லைனில் வரும் 'எனர்ஜி' டப்பா, ஹெல்த் டிரிங்க், ஏன், ஷாம்பு பாட்டில் வரைக்கும் இன்று ஒரு பெயர் தவறாமல் இருக்கிறது. அது ஜின்செங். பலருக்கும் அது ஏதோ கொரியாவில் விளையும் ஒரு வேர் என்ற அளவில்தான் தெரியும். ஆனால் அந்த வேரின் எந்தப் பகுதி அந்த டப்பாவுக்குள் இருக்கிறது? லேபிளில் பெரும்பாலும் இதற்குப் பதில் இருப்பதில்லை. ஆனால் வேதியியல்படி பார்த்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

காரணம், ஜின்செங் வேர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தலையில் ஒன்று, உடம்பில் ஒன்று, காலில் ஒன்று, மயிர் போன்ற நுனியில் இன்னொன்று என்று சேர்மங்களின் அளவு மாறிக்கொண்டே போகிறது. தோலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையிலேயே பெரிய வித்தியாசம் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தையில் எதற்கு ரேட் அதிகமோ, அதில் முக்கியமான அந்தச் சேர்மம் கம்மி!

மனித உருவில் ஒரு வேர்

சீன மொழியில் இதன் பெயருக்கு 'மனித வேர்' என்று பொருள். தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தால் ஏன் இந்தப் பெயர் என்று புரிந்துவிடும். மேலே ஒரு சின்னத் தலை, கீழே தடித்த உடம்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு மூன்று கால்கள், கால் நுனியில் தாடி மாதிரி தொங்கும் மெல்லிய வேர்கள். வெளிறிய முள்ளங்கி ஒன்றுக்குக் கை கால் முளைத்தது போல இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் பனாக்ஸ் ஜின்செங். 'பனாக்ஸ்' என்ற சொல் கிரேக்க மொழியில் 'எல்லாவற்றையும் குணமாக்குவது' என்ற பொருளில் இருந்து வந்தது. பெயரிலேயே விளம்பரம் சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தென் கொரியாவின் கும்சான், சீனாவின் ஜிலின் மாகாணத்தில் உள்ள ஃபுசொங் போன்ற இடங்கள் இந்தச் சாகுபடிக்குப் பேர்போனவை. நேரடி வெயில் ஆகாது என்பதால் பந்தல் போட்டு, நிழலில்தான் வளர்க்கிறார்கள். நட்டு 4 முதல் 6 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரு முறை அறுவடை செய்த நிலத்தில் உடனே மறுபடியும் ஜின்செங் போட்டால் சரியாக வராது. பல ஆண்டுகள் இடைவெளி விட வேண்டும். கும்சானின் பாரம்பரிய ஜின்செங் விவசாய முறையை 2018-ல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. இவ்வளவு மெனக்கெட்டு விளைவிக்கும் பொருளுக்கு விலை அதிகம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த விலை எதை வைத்துப் போடப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த முக்கியமான சேர்மம் எது?

ஜின்செங்கைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வை எடுத்தாலும் 'ஜின்செனோசைடு' என்ற சொல் வந்துவிடும். இவை சபோனின் வகையைச் சேர்ந்தவை. பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வருகிறது அல்லவா, அதற்குக் காரணமும் சபோனின்தான். ஜின்செங்கில் இருக்கும் சபோனின்களுக்கு ஜின்செனோசைடு என்று தனிப் பெயர். இதுவரை 100-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

இவற்றின் பெயர்கள் ஆர்பி-1, ஆர்ஜி-1, ஆர்ஈ, ஆர்ஓ என்று பஸ் ரூட் நம்பர் மாதிரி இருக்கும். 1960-களில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷோஜி ஷிபாடா குழுவினர் இந்தச் சேர்மங்களை ஒரு மெல்லிய தகட்டில் ஓடவிட்டுப் பிரித்தார்கள். எது எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அந்த வரிசையில் ஆங்கில எழுத்துகளைச் சூட்டினார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

இவற்றில் இரண்டு பெரிய கூட்டணிகள் உண்டு. ஆர்பி-1, ஆர்பி-2, ஆர்சி, ஆர்டி ஆகியவை ஒரு பக்கம். ஆர்ஜி-1, ஆர்ஈ, ஆர்எஃப் ஆகியவை இன்னொரு பக்கம். முதல் கூட்டணியைச் சேர்ந்த ஆர்பி-1 நரம்பு மண்டலத்தைச் சற்று அமைதிப்படுத்துவதாகவும், இரண்டாவது கூட்டணியின் ஆர்ஜி-1 சற்றுத் தூண்டிவிடுவதாகவும் விலங்குகளிடம் நடந்த சோதனைகள் சொல்கின்றன. ஒரே வேருக்குள் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து இருப்பது மாதிரி. அதனால் மொத்தம் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எது எவ்வளவு என்பதும் முக்கியமாகிறது.

உடம்பில் 1 முதல் 3 சதவீதம், வாலில்?

காய்ந்த ஜின்செங்கின் தடித்த உடம்புப் பகுதியில் மொத்த ஜின்செனோசைடு பொதுவாக எடையில் 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்தும் மற்ற சர்க்கரைப் பொருட்களும்தான். உடம்பிலிருந்து கிளைக்கும் கால்களுக்குப் போனால் இந்த அளவு கூடுகிறது. அங்கிருந்து மெல்லிய நுனி வேர்களுக்குப் போனால் உடம்பைப் போலப் பல மடங்கு ஆகிவிடுகிறது. வேரின் தலைப்பகுதியிலும் உடம்பைவிட அதிகம் இருப்பதாகவே பெரும்பாலான அளவீடுகள் காட்டுகின்றன.

கொரிய வியாபாரிகள் இந்த நுனி வேர்களை 'மிசாம்' என்கிறார்கள், அதாவது வால் ஜின்செங். தடித்த வேரைச் சுத்தம் செய்யும்போது கழித்துக் கட்டப்படுவது இதுதான். முழு வேரோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. டீ போட, சாறு எடுக்க, பொடி செய்ய என்று போய்விடும். அழகாகக் கை கால் விரித்து மனிதன் போல நிற்கும் வேரோ, பட்டுத்துணி விரித்த பெட்டியில் பரிசுப் பொருளாக உட்கார்ந்திருக்கும்.

சரி, அளவு மட்டும்தான் வித்தியாசமா என்றால், இல்லை. விகிதமும் மாறுகிறது. உடம்புப் பகுதியில் ஆர்ஜி-1 கூட்டணியின் பங்கு ஒப்பீட்டளவில் அதிகம். நுனி வேர்களில் ஆர்பி-1 கூட்டணியின் கை ஓங்குகிறது. ஆகவே, 'வாலைச் சாப்பிட்டால் உடம்பைச் சாப்பிட்டது போலத்தான், கொஞ்சம் ஸ்ட்ராங்' என்று நினைக்க முடியாது. அது கிட்டத்தட்ட வேறு ஒரு கலவை.

ஏன் இப்படி? விடை தோலில்!

ஜின்செங் வேரைக் குறுக்கே வெட்டி, எந்த இடத்தில் எந்த மூலக்கூறு இருக்கிறது என்று படமாகவே எடுத்துப் பார்க்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அந்தப் படங்களில் ஜின்செனோசைடுகள் வேரின் வெளிப்புறத்தில், அதாவது தோலிலும் தோலுக்கு அடுத்த சதையிலும் அடர்த்தியாகத் தெரிகின்றன. நடுவில் இருக்கும் கட்டையான பகுதியில் மிகக் குறைவு.

இது ஏன் என்பதற்கு நமக்குப் பழக்கமான ஒரு கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கிழங்கின் சதையைவிடத் தோலில்தான் சயனைடை உருவாக்கும் பொருள் அதிகம். அதனால்தான் தோலை உரித்துவிட்டு வேக வைக்கிறோம். மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பூஞ்சை, பூச்சி, புழு என்று எதிரிகள் வெளியிலிருந்துதான் வருகிறார்கள். காவல்காரனை வாசலில் நிறுத்துவதுதானே வழக்கம்? ஜின்செனோசைடுகளும் செடியின் தற்காப்பு ஆயுதங்களாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

இப்போது கணக்கு எளிது. உதாரணத்துக்கு, 20 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உடம்புப் பகுதியில் வெளி அடுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வெட்டுப் பரப்பில் அந்த வெளி அடுக்கின் பங்கு 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் உள்பகுதி. அதுவே 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு நுனி வேரில் வெளி அடுக்கு வெறும் அரை மில்லிமீட்டர் என்றாலும், அதன் பங்கு 75 சதவீதம் ஆகிவிடும். வேர் மெலிய மெலிய, உள்ளே இருக்கும் 'வெற்று இடம்' குறைந்து, தோல்தான் பெரும்பகுதியாகிறது. வாலில் சத்து அதிகம் என்பதற்குப் பின்னால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, பெரும்பகுதி வடிவியல்தான்.

இதே காரணத்தால் இன்னொரு பழக்கமும் கேள்விக்குள்ளாகிறது. 'வெள்ளை ஜின்செங்' என்று விற்கப்படும் வகையைத் தயாரிக்கும்போது, பார்க்கப் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் தோலைச் சீவிவிட்டுக் காய வைப்பது பழைய வழக்கம். எந்த இடத்தில் சேர்மம் அதிகமோ அந்த இடத்தையே சீவித் தள்ளுவது என்று சொல்லலாம். 'சிவப்பு ஜின்செங்' அப்படி இல்லை. தோலோடு ஆவியில் வேக வைத்துக் காய வைப்பார்கள். அந்தச் சூட்டில் சில ஜின்செனோசைடுகள் உடைந்து, பச்சை வேரில் அநேகமாக இல்லாத ஆர்ஜி-3 போன்ற புதிய வகைகள் உருவாகின்றன. நிறமும் செம்பழுப்பாக மாறுகிறது.

தலையை ஏன் வெட்டினார்கள்?

வேரின் உச்சியில் இருக்கும் தலை, உண்மையில் வேரே அல்ல. அது தரைக்கடியில் இருக்கும் தண்டின் அடிப்பாகம். ஒவ்வொரு ஆண்டும் தண்டு காய்ந்து உதிரும்போது அங்கே ஒரு வடு விழும். அந்த வடுக்களை எண்ணித்தான் செடியின் வயதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் காட்டு ஜின்செங்கை ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் செடிக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கும் இந்த வடுக் கணக்கு உதவுகிறது.

பாரம்பரியச் சீன மருத்துவத்தில் இந்தத் தலை வாந்தியை வரவழைக்கும் என்று நம்பி, மருந்தில் சேர்க்கும் முன் வெட்டிவிடுவார்கள். பிற்காலத்தில் இதைச் சோதித்த சீன ஆய்வாளர்கள் பலர், வழக்கமான அளவில் அப்படி ஒன்றும் வாந்தி வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேதியியலைப் பார்த்தால் தலை சாதாரண ஆளும் இல்லை. மொத்த ஜின்செனோசைடு அதிகம். அதிலும் ஆர்ஓ என்ற, மற்ற இரண்டு கூட்டணிகளிலும் சேராத ஒரு வகை அங்கே குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது.

அப்படியென்றால் விலை எதற்கு?

கொரியாவில் சிவப்பு ஜின்செங்கின் உயர் ரகங்களுக்கு மூன்று தரப் பெயர்கள் உண்டு: சொன்சாம், ஜிசாம், யாங்சாம். முதல் இரண்டுக்கும் வானம், பூமி என்று பொருள்; மூன்றாவதற்கு 'நல்லது'. அனுபவசாலிகள் இருட்டறையில் விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொரு வேராகப் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். உள்ளே ஓட்டை இருக்கிறதா, வெள்ளைத் திட்டு இருக்கிறதா, உடம்பும் காலும் ஒழுங்கான அமைப்பில் இருக்கின்றனவா என்பதுதான் அங்கே கேள்வி. உள்ளே திசு நெருக்கமாக இருந்தால் 'வானம்'. இதில் ஜின்செனோசைடை அளப்பது என்ற பேச்சே இல்லை.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டை இல்லாத, முழுதாக வளர்ந்த வேர் கிடைப்பது அபூர்வம்; அபூர்வமானதற்கு விலை. மாம்பழத்தைக்கூட நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அதோடு, ஜின்செங்கில் ஜின்செனோசைடு மட்டுமே வேலை செய்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மாவுச்சத்தைப் போன்ற நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள், எண்ணெய்த் தன்மையுள்ள பாலிஅசிட்டிலீன்கள் என்று வேறு பொருட்களும் ஆய்வில் இருக்கின்றன. ஆனால் 'விலை கூடியதால் வீரியம் கூடியது' என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

நுகர்வோருக்கு இதில் என்ன?

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. உலக சுகாதார அமைப்பின் மருத்துவத் தாவரக் கையேடு, காய்ந்த ஜின்செங் வேரை ஒரு நாளைக்கு அரை கிராம் முதல் 2 கிராம் வரை என்று குறிப்பிடுகிறது. அதில் ஜின்செனோசைடு குறைந்தது 1.5 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கவனியுங்கள், இந்தக் கணக்கு வேருக்கு. ஒரு டப்பாவில் இருப்பது வெறும் நுனி வேரின் பொடி என்றால், அதே 2 கிராமில் உடம்புக்குள் போகும் ஜின்செனோசைடு பல மடங்காக இருக்கலாம். கூட்டணி விகிதமும் வேறாக இருக்கும்.

'சாறு' என்று விற்கப்படுபவற்றில் குழப்பம் இன்னும் அதிகம். '80 சதவீதம் ஜின்செனோசைடு' என்று பெரிய எழுத்தில் போடும் சாறுகள் பலவும் வேரிலிருந்து எடுக்கப்படுவதே இல்லை. ஜின்செங்கின் இலையிலும் தண்டிலும் ஜின்செனோசைடு நிறைய இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் கிடைக்கிறது, விலையும் மலிவு. இலையில் இருக்கும் கலவை வேரில் இருப்பது போல இல்லை. சீனாவின் அரசு மருந்துத் தரநூல் ஜின்செங் இலையை வேரிலிருந்து பிரித்துத் தனி மருந்தாகவே பட்டியலிடுகிறது. எனவே சதவீதம் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. எந்தப் பகுதியிலிருந்து என்பதும் லேபிளில் இருக்க வேண்டும்.

நுனி வேர்களில் இன்னொரு கவலையும் உண்டு. மண்ணோடு அதிகம் உரசிக்கொண்டிருப்பது அவைதான். ஜின்செங் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் பயிர் என்பதால் பூஞ்சை நோய்க்கு மருந்து அடிப்பது வழக்கம். குவின்டோசீன் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் ஜின்செங் பொருட்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. மலிவான வால் பொடி வாங்குகிறவர்கள் எச்சப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.

அதிகம் இருந்தால் அதிகம் வேலை செய்யுமா?

அதுவும் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. ஜின்செனோசைடுகள் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றின் சர்க்கரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, 'காம்பவுண்ட் கே' போன்ற சிறிய மூலக்கூறாக மாற்றிய பிறகே ரத்தத்தில் கலப்பது அதிகம். அந்த பாக்டீரியா ஆளுக்கு ஆள் மாறும். ஆக, ஒரே மாத்திரை இருவருக்கு இரண்டு மாதிரி.

பலன் பற்றிய ஆதாரமும் விளம்பரம் சொல்லும் அளவுக்கு வலுவாக இல்லை. ஞாபக சக்தி தொடர்பான சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த 2010-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, உறுதியான ஆதாரம் இல்லை என்றது. ஆண்மைக் குறைபாடு தொடர்பான 2021 காக்ரேன் மதிப்பாய்வோ, பலன் இருந்தாலும் அது மிக அற்பம் என்ற முடிவுக்கு வந்தது.

மறுபக்கம், மற்ற மருந்துகளோடு மோதும் வாய்ப்பு உண்மை. 2004-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், அமெரிக்க ஜின்செங் எடுத்துக்கொண்டவர்களிடம் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேகம் குறைந்தது தெரியவந்தது. இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தக் கட்டிக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு எதிர்பாராமல் இறங்கலாம். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் நிறுத்திவிட வேண்டும் என்பது மயக்கவியல் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. எந்தப் பகுதி, எவ்வளவு என்றே தெரியாத ஒரு பொடியை இப்படிப்பட்ட மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிடுவது டாக்டருக்கும் சிக்கல்தான். அவர் கேட்டால் சொல்ல நம்மிடம் அளவே இருக்காது.

மற்ற வேர்களிலும் இப்படி உண்டா?

உண்டு. சீன மருத்துவத்தில் ஜின்செங்குக்கு அடுத்த பிரபலம் டாங்குய் வேர். நம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தலை ரத்தப்போக்கை நிறுத்தும், உடம்பு ரத்தத்தை ஊட்டும், வால் ரத்தத்தை ஓட வைக்கும் என்று மூன்றாகப் பிரித்தே பழைய மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். அதில் இருக்கும் ஃபெருலிக் அமிலம் வால் பகுதியில் அதிகம் என்று பல அளவீடுகள் காட்டுகின்றன. ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்து மூன்று பகுதிக்கும் மூன்று வேலை என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகள் போதாது.

நம்மூருக்கு வந்தால், 'இந்தியன் ஜின்செங்' என்று ஆங்கில விளம்பரங்களில் விற்கப்படும் அஸ்வகந்தா. சித்த மருத்துவத்தில் அமுக்கராக் கிழங்கு. இதற்கும் ஜின்செங்குக்கும் எந்த உறவும் கிடையாது. இது கத்தரிக்காய், தக்காளியின் குடும்பம். இதில் ஜின்செனோசைடு ஒரு துளிகூட இல்லை. இருப்பது வித்தனோலைடு என்ற வேறு வகைச் சேர்மங்கள். ஆனால் 'எந்தப் பகுதி' என்ற கேள்வி இங்கேயும் அப்படியே பொருந்தும். வித்தாஃபெரின்-ஏ என்ற, செல்களைப் பாதிக்கும் வீரியம் உள்ள சேர்மம் வேரைவிட இலையில்தான் அதிகம். சில நிறுவனங்கள் மலிவாகக் கிடைக்கும் இலையைச் சாற்றில் சேர்ப்பது தெரியவந்ததை அடுத்து, இலையைப் பயன்படுத்த வேண்டாம், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று 2021-ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது தேட வேண்டியது இவைதான்: பனாக்ஸ் ஜின்செங் என்ற முழுப்பெயர், வேரா இலையா என்ற தகவல், பொடியா சாறா, ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், அதில் ஜின்செனோசைடு எத்தனை சதவீதம். முகப்பில் மனித உருவில் நிற்கும் அந்த அழகான வேரின் படம், உள்ளே அதே பகுதிதான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை.